விற்க முடியாததை அடகு வைத்தவர்கள்

2020 ஜூன் மாதம். கொரோனாவால் ஜெர்மனியின் மைதானங்கள் ரசிகர்களுக்குப் பூட்டிக் கிடந்தன. பார்க்கக் கிடைக்காத ஆட்டங்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம் ஷால்கே 04 கால்பந்து கிளப் ஒரு படிவத்தை நீட்டியது. பணத்துக்குப் பதில் கூப்பன் வாங்கிக்கொள்ளலாம். இல்லை, ரொக்கம்தான் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்றால், வீட்டில் அப்படி என்ன நெருக்கடி என்று எழுதித் தர வேண்டும். பெரும் கூச்சல் எழுந்தது. கிளப் மன்னிப்புக் கேட்டது.

ஏழைகளிடம் இப்படிக் கேட்டார்களே என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஷால்கேவுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. அது பதிவுசெய்யப்பட்ட ஒரு சங்கம். சந்தா கட்டும் உறுப்பினர்கள்தான் அதன் சொந்தக்காரர்கள். இன்று அவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2 லட்சம். அந்தப் படிவம் யார் கைக்குப் போனதோ அவர்களில் பலர் சட்டப்படி அந்த வீட்டுக்காரர்கள். சொந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவனிடம் வருமானச் சான்றிதழ் கேட்ட கதைதான்.

உறுப்பினர்களே கிளப்பை வைத்திருக்கும் இந்த ஜெர்மானிய வழக்கத்தை உலகம் பொறாமையோடு பார்க்கிறது. இங்கிலாந்தில் எண்ணெய்ப் பணமும் அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் கிளப்புகளை வாங்கி விற்கும்போதெல்லாம், ‘ஜெர்மனியைப் பாருங்கள்’ என்று யாராவது எழுதுவார்கள். 1998இல்தான் ஜெர்மன் கால்பந்து சங்கம் தொழில்முறை அணிகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துக்கொள்ள அனுமதித்தது. அப்போதும் வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. ‘50+1’ என்று பேர்பெற்ற விதி இதுதான். விதிவிலக்குகள் உண்டு: லெவர்குசனின் பின்னால் பாயர் மருந்து நிறுவனம், வொல்ஃப்ஸ்பர்க்கின் பின்னால் ஃபோக்ஸ்வாகன். ஏமாற்று வழியும் உண்டு: 2009இல் தொடங்கிய ஆர்பி லைப்சிக் கிளப்பில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ஷால்கே இந்த 1998 கதவின் பக்கமே போகவில்லை. அதன் முதல் அணி இன்றுவரை சங்கத்தின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. இந்த வழக்கத்தை எடைபோட வேண்டுமானால் ஷால்கேதான் சரியான தராசு.

ரூர் நிலக்கரிப் பகுதியில் கெல்சன்கிர்ஷன் நகரத்தின் ஒரு பேட்டை ஷால்கே. 1904இல் அங்கே சில இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய அணி இது. ஊரின் பெயரைவிடப் பேட்டையின் பெயர் பெரிதாகிவிட்டது. ஜெர்மனியில் ஷால்கே தெரியும், கெல்சன்கிர்ஷன் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பவர்களைப் பார்க்கலாம். ‘கிளுக்காஃப்’ என்பது சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து. 1928இல் கிளப் கட்டிய மைதானத்துக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள். நிலம் கன்சோலிடேஷன் சுரங்கத்துக்குச் சொந்தம், கிளப் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஆட்டக்காரர்களில் பலரின் பெற்றோர் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியப் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குசோரா, ஸெபான், டிபுல்ஸ்கி என்று அணிப் பட்டியலை வாசித்தாலே தெரிந்துவிடும். போலந்துக்காரர்களைப் பழிக்கும் சொல்லால் ‘போலாக்குகளின் கிளப்’ என்று எதிரணியினர் ஏசினார்கள். எர்ன்ஸ்ட் குசோராவும் அவருடைய மைத்துனர் ஃபிரிட்ஸ் ஸெபானும் குறுகிய பாஸ்களால் பந்தைச் சுழற்றி எதிராளியைக் கிறுகிறுக்க வைத்தார்கள். அந்த ஆட்டமுறைக்கே ‘பம்பரம்’ என்றுதான் பெயர்.

கிளப்பின் முதல் பணத் தகராறும் அந்தக் காலத்தில்தான். 1930இல், விதி அனுமதித்ததைவிட அதிகமான படிக்காசு வாங்கினார்கள் என்று முதல் அணி ஆட்டக்காரர்கள் தொழில்முறையாளர்களாக அறிவிக்கப்பட்டு விலக்கப்பட்டார்கள். கிளப்பின் பொருளாளர் வில்லி நீர் கால்வாயில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தடை நீங்கி அணி திரும்பியபோது, ஒரு நட்பு ஆட்டத்தைப் பார்க்கச் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். நகரம் கணக்குக் கேட்கவில்லை. தன் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கொண்டாடியது. ஷால்கேவின் பலமும் நோயும் அந்த ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

1934 முதல் 1942 வரை ஆறு முறை ஜெர்மன் சாம்பியன். 1939 இறுதியாட்டத்தில் வியன்னாவின் அட்மிரா அணிக்கு எதிராக 9-0. ஆண்டுகளைப் பார்த்தாலே அந்த வெற்றிகளின் மேல் எந்த நிழல் விழுகிறது என்று விளங்கும். நாஜி ஆட்சி இந்தத் தொழிலாளர் அணியைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. ஸெபான் 1938இல், யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு ஜவுளிக் கடையை வாங்கினார். அந்தக் கடையின் உரிமையாளர்கள் பின்னர் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் கிளப் பிற்காலத்தில் வரலாற்றாசிரியர்களை அமர்த்தி ஆராயச் சொன்னது. ஆய்வு 2005இல் நூலாகவே வந்தது. நேற்று வாங்கி நாளை விற்கப்போகும் ஒருவருக்கு 1938இல் ஒரு ஜவுளிக் கடைக்கு என்ன நேர்ந்தது என்பது முக்கியமாக இருக்குமா? தலைமுறை தலைமுறையாக உறுப்பினராக இருப்பவர்களுக்கு இருக்கும். உறுப்பினர் உடைமையின் பக்கம் நான் வைக்கும் முதல் எடைக்கல் இது.

இரண்டாவது கல்: ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம். இனவெறிக்கு எதிரான விதியைத் தன் சட்டதிட்டத்திலேயே முதலில் எழுதிய ஜெர்மன் கிளப்புகளில் ஷால்கேவும் ஒன்று. ஆண்டு 1994. பிறகு, டிக்கெட்டுகளை மறுவிற்பனை செய்யும் வியாகோகோ நிறுவனத்தோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டபோது, உறுப்பினர்கள் சிறப்புப் பொதுக்குழு கேட்டுக் கையெழுத்துத் திரட்டினார்கள். 2013 கோடையில் நிர்வாகம் ஒப்பந்தத்தை முறித்தது. கறுப்புச் சந்தைக்குக் கிளப்பே கடை விரிக்கக் கூடாது என்று ரசிகர்கள் சொல்லி அது நடந்தது. இங்கிலாந்தில் இப்படியொன்றை நினைத்துப் பார்ப்பதே கடினம். நின்று பார்க்கும் மேடைகள் ஜெர்மன் மைதானங்களில் இன்னும் இருப்பதற்கும் அவற்றின் டிக்கெட் கூலிக்காரருக்குக் கட்டுபடியாவதற்கும் இந்த வாக்குரிமை ஒரு காரணம்.

இனி மறுதட்டு.

உறுப்பினர் சங்கத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. உண்மை. ஆனால் விற்க முடியாத நிலத்தையும் அடகு வைக்கலாம் என்பது நம் ஊரில் எந்த விவசாயக் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம். ஷால்கே செய்தது அதைத்தான். பங்கு விற்றுப் பணம் திரட்ட வழியில்லாதபோது, பெரிய கனவுக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே.

கனவு ஏன் அவ்வளவு பெரிது? கடைசிச் சாம்பியன் பட்டம் 1958இல் வந்தது, ஹாம்பர்கை 3-0 என்று வென்று. அதற்குப் பிறகு ஒரு தேசத் துயரம் போலவே 2001 மே 19ஐச் சொல்வார்கள். பருவத்தின் கடைசி நாளான அன்று ஷால்கே தன் ஆட்டத்தை 5-3 என்று வென்றது. பட்டத்துக்குப் போட்டியாக இருந்த பயர்ன் மியூனிக் ஹாம்பர்கில் தோற்றுக்கொண்டிருந்தது. சுமார் நான்கு நிமிடம் ஷால்கேதான் சாம்பியன், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் ஹாம்பர்க் கோல்காப்பாளர் சக வீரர் தட்டிவிட்ட பந்தைக் கையில் எடுத்தார் என்று நடுவர் மறைமுக ஃப்ரீ கிக் கொடுக்க, பயர்ன் சமன்செய்து பட்டத்தைத் தட்டிக்கொண்டது. அந்தக் கோல்காப்பாளர் ஷோபர் ஷால்கேவிலிருந்து கடனாகப் போனவர்! விதி இவ்வளவு மலிவான நாடகம் எழுதியிருக்க வேண்டாம்.

‘இதயங்களின் சாம்பியன்’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. அதே ஆண்டு, புல்தரையையே வெளியே இழுத்து வெயில் காட்டும் புதிய அரங்கம் திறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள், இனி வரப்போகும் டிக்கெட் வருமானத்தை ஈடாகக் காட்டி 85 மில்லியன் யூரோ கடன் வாங்கினார்கள். விளையாத பயிரை அடகு வைத்தார்கள். 2007இல் ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமின் பெயர் சட்டையில் ஏறியது. 2012இல் 50 மில்லியன் யூரோவுக்குக் கடன்பத்திரம். நிலக்கரித் தொழிலாளர் அணி தன் நெஞ்சில் ரஷ்ய எரிவாயுவைச் சுமந்த பதினைந்து ஆண்டுகளை எந்த முதலாளியும் திணிக்கவில்லை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு நியமித்த நிர்வாகம்தான் கையெழுத்துப் போட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகே அந்தப் பெயர் இறங்கியது.

பணம் வந்தபோது கிடைத்ததும் கொஞ்சமில்லை. 2011இல் இன்டர் மிலானை அதன் ஊரிலேயே 5-2 என்று சாய்த்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனார்கள். நொயர், ஓசில், டிராக்ஸ்லர், சானே என்று கிளப்பின் இளைஞர் பள்ளி ஆட்டக்காரர்களை வார்த்துத் தள்ளியது. ஆனால் கடனில் வாழும் வீட்டின் பழக்கம் ஒன்று உண்டு: இன்றைய செலவுக்கு ஓடுவதில் நாளைய சொத்தைக் கோட்டைவிடுவார்கள். மாட்டிப், கொலாசினாச், கொரெட்ஸ்கா, மாக்ஸ் மேயர், நூபெல் ஆகிய ஐவரும் 2016க்கும் 2020க்கும் இடையே ஒப்பந்தம் முடிந்து ஒரு யூரோ கூடக் கிளப்புக்குத் தராமல் வெளியேறினார்கள். இந்த ஒரு பட்டியலை எந்தப் பொதுக்குழுவும் மன்னித்திருக்கக் கூடாது.

பொதுக்குழுவுக்கு அப்படி என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. உறுப்பினர்கள் நேரடியாக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. மேற்பார்வைக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், அது நிர்வாகிகளை நியமிக்கும். மேற்பார்வைக் குழுவுக்கு நிற்கும் வேட்பாளர்களையும் முன்கூட்டி வடிகட்ட வேறொரு குழு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கூடி, முடிந்துபோன ஆண்டின் கணக்கைக் கேட்டு, பேச்சில் மயங்கி வாக்களிப்பதுதான் சொந்தக்காரர்களின் வேலை. இறைச்சித் தொழிலதிபர் கிளமென்ஸ் டொன்னீஸ் 2001 முதல் 2020 வரை மேற்பார்வைக் குழுவின் தலைவராக இருந்தார். ஒரு பங்குகூட வாங்காமல், திரும்பத் திரும்ப வாக்கு வாங்கி. 2019இல் ஒரு மேடையில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இழிவாகப் பேசினார். கிளப்பின் நெறிமுறைக் குழு இனவெறிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று முடிவு சொன்னது. பாகுபாட்டுக்கு எதிரான விதியை மட்டும் மீறினார் என்றது. அவர் மூன்று மாதம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். 1994இல் பெருமையோடு எழுதிய விதியின் கதி அது. மறு ஆண்டு அவருடைய ஆலையில் கொரோனா பரவி, ரசிகர்கள் தெருவில் இறங்கிய பிறகே பதவி விலகினார். வாக்குப்பெட்டியால் ஆகாததைத் தெரு செய்தது.

பிறகு வீழ்ச்சி. 2020 ஜனவரி தொடங்கித் தொடர்ந்து 30 லீக் ஆட்டங்களில் வெற்றி இல்லை. ஒரே பருவத்தில் ஐந்து பயிற்சியாளர்கள். மொத்தம் 16 புள்ளி, கடைசி இடம், 200 மில்லியன் யூரோவுக்கு மேல் கடன். 2021 ஏப்ரல் 20 அன்று பீலெஃபெல்டில் 0-1 என்று தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன், 1971 ஏப்ரல் 17 அன்று, இதே பீலெஃபெல்டிடம் இதே 0-1 கணக்கில் ஷால்கே தோற்றிருந்தது. அன்று ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள். பிறகு நீதிமன்றத்தில் பொய்ச் சத்தியமும் செய்தார்கள். இந்த முறை யாரும் காசு தரவில்லை, தானாகவே தோற்றார்கள். 2022இல் மேலேறி, 2023இல் மறுபடி இறங்கினார்கள்.

இதைக் காட்டி, ‘முதலீட்டாளர் வந்திருந்தால் இப்படி ஆகுமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகும். பக்கத்து ஊர் டொர்ட்மண்ட் 2000இல் பங்குச் சந்தைக்கே போய், 2005இல் திவாலின் வாசலில் நின்றது. ஹாம்பர்க் 2014இல் அணியைத் தனி நிறுவனமாக்கிக் கோடீஸ்வரர் பணத்தில் குளித்து, 2018இல் வரலாற்றில் முதல்முறையாகக் கீழே இறங்கியது. மறுபுறம் ஃப்ரைபர்க், மைன்ஸ் ஆகிய கிளப்புகளும் ஷால்கே போலவே சங்கங்கள்தான். சிறிய ஊர், சிறிய கனவு, கட்டுக்குள் கணக்கு என்று நிம்மதியாக முதல் டிவிஷனில் இருக்கின்றன. ஆகவே குற்றம் உடைமை முறையில் இல்லை. ஃப்ரைபர்குக்கு எட்டிப்பிடிக்க வேண்டிய 1958 கிடையாது. ஷால்கேவுக்கு இருக்கிறது. சுரங்கங்கள் மூடி, வேலையின்மையில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் நகரத்தில், கிளப் ஒன்றுதான் மிச்சமிருக்கும் பெருமை என்றால், ‘இந்த ஆண்டு செலவைக் குறைப்போம், பத்தாவது இடம் போதும்’ என்று சொல்லி மேடையில் யார் வாக்கு வாங்க முடியும்? இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. வாக்காளனின் பாசம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சுலபமாக அவனுக்குக் கடனை விற்கலாம். தன் பிள்ளையின் கல்யாணத்துக்கு வட்டிக் கணக்குப் பார்ப்பவர் யார்?

என் கையில் இருந்தால் வாக்குரிமையை அப்படியே விட்டுவிட்டு, கடனுக்குப் பூட்டுப் போடுவேன். எதிர்கால டிக்கெட் வருமானத்தின் மேல் கை வைக்கும் எந்த ஒப்பந்தமும், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தக் கடனும், கையெழுத்தாகும் முன் உறுப்பினர்களின் தனி வாக்கெடுப்புக்கு வர வேண்டும். மைதானத்துக்குப் பெயர் வைப்பதற்கே சண்டை போடுபவர்கள் இதற்கும் போடட்டும். வேட்பாளர்களை வடிகட்டும் குழுவின் அதிகாரத்தை இப்போது இருப்பதைவிடக் குறைக்கலாம். முழுதும் கலைத்தால் ரசிகர் கூட்டத்தின் கைத்தட்டலுக்கு ஆடுபவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

கிளப் 2025இல் வேறொரு வழியைத் தொடங்கியது: ரசிகர்களுக்கான கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு 250 யூரோ. சேரும் பணத்தில் மைதான நிறுவனத்தின் பங்குகளைக் கூட்டுறவு வாங்கும், அந்தப் பணத்தைக் கொண்டு கிளப் கடனைக் குறைக்கும். 2020இல் வறுமைக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லப்பட்ட அதே மக்கள், ஏற்கெனவே தங்களுடையதாக இருந்த மைதானத்தை 250 யூரோ வீதம் மீட்கப் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.