எத்தனை தையல்?

விபத்துச் செய்தி எழுதும் நம் நாளிதழ்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "தலையில் 12 தையல் போடப்பட்டது" என்று எழுதிவிட்டால் காயத்தின் கடுமையைச் சொல்லியாயிற்று என்று நினைப்பு. உடன்குடியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனைப் பார்க்கிற அண்ணாச்சிமாரும் முதலில் கேட்பது "எத்தனை தையல்லே?" என்றுதான். அஞ்சு என்றால் "சின்னதுதான், சரியாப் போவும்". இருபது என்றால் "ஐயோ". இந்த எண்ணிக்கை காயத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பதே என் வாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்தில் 5 செ.மீ. வெட்டு. தழும்பு தெரியக் கூடாதென்று மெல்லிய நூலில் 3 மி.மீ. இடைவெளிவிட்டுத் தைத்தால் 15 தையலுக்கு மேல் வரும். அதே நீள வெட்டு காலில் என்றால், கனமான நூலில் 1 செ.மீ. இடைவெளியில் ஐந்தாறு போதும். தொடர்தையல் போட்டால் ஒரே நூல், இரு முனையிலும் முடிச்சு. அதை ஒன்று என்பதா, இருபது என்பதா? தோலுக்கு அடியில் போடுகிற கரையும் தையல் வெளியே தெரியாது, அதை யாரும் எண்ணுவதும் இல்லை. கையில் தசைநார் அறுந்து விரல் மடங்காமல் போகிற காயம்கூட வெளியே நாலு தையலோடு முடியலாம்.

நம் பக்கத்துப் பனையேறியைப் பாருங்கள். மரத்தில் சறுக்கினால் நெஞ்சுத் தோல் உரசி உரிந்துவிடும். சேர்த்துப் பிடிக்கப் புண்ணுக்கு இரண்டு உதடு கிடையாது. அதனால் தைக்க வழியில்லை. எரிச்சலோ உயிர் போகும். "எத்தனை தையல்?" என்ற கேள்விக்கு அவருடைய பதில் பூஜ்யம்.

இந்த விஷயத்தில் சுசுருத சங்கிதை நம்மைவிடத் தெளிவு. அதில் ஊசி மூன்று வகை: சதை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் ஒன்று, சதைப்பற்றுள்ள இடத்துக்கு ஒன்று, வயிறு போன்ற இடங்களுக்கு வளைந்தது ஒன்று. தையலைத் தூரத் தூரப் போட்டால் வலிக்கும், மிக நெருக்கிப் போட்டால் புண்ணின் உதடு கிழியும் என்று எச்சரிக்கிறது. தூசி, முடி, எலும்புச் சில்லு எல்லாம் எடுக்காமல் தைத்தால் சீழ் பிடிக்கும் என்கிறது. அந்த நூலைப் பெருமையாகப் பேசுகிற நம் கட்டுரைகள் எறும்புத் தலையால் புண்ணை மூடிய கதையோடு நின்றுவிடுகின்றன. அதுவும் குடலுக்குச் சொன்னது, தோலுக்கு அல்ல. இடைவெளியும் சுத்தமும்தான் இன்றைக்கும் உதவுகிற பாடம்.

எண்ணிக்கை மோகத்தால் நிஜமான கெடுதலும் உண்டு. நாய் கடித்த புண்ணைக் கூடுமானவரை தைக்கக் கூடாது. தைத்தே ஆக வேண்டுமென்றால், வெறிநோய்க்கான எதிர்ப்புப் புரத ஊசியைக் காயத்திலேயே செலுத்திய பிறகு, தளர்வாக ஓரிரண்டு. அழுக்கேறிய புண்ணையும் சில நாள் திறந்து வைத்து, சுத்தமானபின் மூடுவதுண்டு. இது தெரியாதவர் "தையல் போடாமலே அனுப்பிட்டான்" என்று கோபப்பட்டு வேறு இடம் போய் மூடிக்கொள்வார். உள்ளே சீழ் கட்டும்.

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? கரையும் நூலா, பிரிக்க வேண்டிய நூலா? பிரிப்பது என்றைக்கு? பொதுவாக முகத்தில் 5 நாளுக்குள், தலையில் 7 முதல் 10 நாள், காலிலும் மூட்டிலும் 10 முதல் 14 நாள். முந்திப் பிரித்தால் வாய் திறந்துகொள்ளும். பிந்தினால் தண்டவாளம் மாதிரி தழும்பு நிற்கும். டெட்டனஸ் ஊசி போட்டாச்சா? சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் எங்கே வர வேண்டும்? இவ்வளவுதான். ஆனால் கையில் தருகிற சீட்டு பெரும்பாலும் இங்கிலீஷில், அதுவும் சுருக்கெழுத்தில். எண்ணிக்கை மட்டும்தான் வாய்வழியாக, தமிழில் வருகிறது. ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

தமிழில் சொல்ல முடியாது என்ற சாக்கு இங்கே செல்லாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ட்ரூயிட்டின் ஆங்கில அறுவை நூல் 'இரண வைத்தியம்' என்று தமிழில் வந்தது 1867ல். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காப்பது பற்றிய கட்டுரைகளை லண்டனில் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அன்று ஒரு முழு அறுவை நூலே தமிழில் வந்திருக்க, இன்று நாலு வரிச் சீட்டு வரவில்லை என்றால் குறை மொழியில் இல்லை. எழுதுகிறவர்கள் அக்கறையில்தான் இருக்கிறது.

நாளிதழ்க்காரர்கள் நாளை முதல் ஒன்று செய்யலாம். தையல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, காயம் எங்கே, எவ்வளவு ஆழம், எலும்போ நரம்போ பாதிக்கப்பட்டதா என்று எழுதட்டும். அண்ணாச்சிமாரும் அடுத்த தடவை "என்னைக்குப் பிரிக்கணும்லே?" என்று கேட்கட்டும்.