தொகையை விரித்தால்

வகுப்பில் வேற்றுமைத்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய நாளிதழில் வந்திருந்த 'கற்பழிப்பு' என்ற சொல்லை விரிக்கச் சொன்னார் ஒரு மாணவி. விரித்தேன்: கற்பை அழித்தல், இரண்டாம் வேற்றுமைத்தொகை. வகுப்பு அமைதியானது.

அந்தச் சொல்லில் சிதைக்கப்படுவது பெண்ணின் உடலோ விருப்பமோ அல்ல, கற்பு. அழிந்தது கற்பு என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: அது அவளிடம் முன்பே இருந்ததா? நீதிமன்றங்களில் இந்தக் கேள்விதான் கேட்கப்பட்டது. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலைய வளாகத்துக்குள்ளேயே வல்லுறவுக்கு உள்ளானவர் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி. அவர் உடலுறவுக்குப் பழகியவர் என்றது விசாரணை நீதிமன்றம். 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. பெண்ணின் 'ஒழுக்கக்கேட்டை'க் காட்டி அவர் சாட்சியத்தை உடைக்க இடம் தந்த சாட்சியச் சட்டத்தின் 155(4)ஆம் பிரிவு, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.

சட்டம் கைவிட்ட கேள்வியை இந்தச் சொல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேடையில், செய்தியில், அனுதாபத்தோடு பேசுகிறவர் வாயிலும்கூட. 'வெறும் சொல்தானே' என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: 'கற்பழிக்கப்பட்டாள்' என்ற வினையில் அவள் இருக்கிறாள், அவள் கற்பு இருக்கிறது, செய்தவன் இல்லை. 'வல்லுறவு' என்று எழுதுங்கள். வன்மை யாருடையது என்ற கேள்வி உடனே எழும். அது அவனை நோக்கிப் போகும்.

பழைய சொல்லை நாம் எழுத வேண்டாம். வகுப்பில் அதை விரித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.