தாய் மனம் திரிவதேன்?

கல்வியின் பெருமை பேசப் புகுவோர் தவறாமல் எடுத்தாளும் பாட்டு ஒன்று புறநானூற்றில் உண்டு, 183ஆம் பாட்டு. பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் எனும் பாண்டிய மன்னன். பாடநூலில், பட்டிமன்றத்தில், பரிசளிப்பு விழாவில் எங்கும் அது ஒலிக்கிறது. ஒலிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் பாட்டின் பிற்பகுதியைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடும் நம் புலவர் பெருமக்கள், அதன் நடுவே வந்து நிற்கும் ஒரு தாயை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தத் தாயைப் பற்றியே பேச விழைகிறோம்.

ஆசிரியர்க்கு இடுக்கண் உற்றபோது உதவியும், மிகுந்த பொருள் கொடுத்தும், பணிந்து நிற்பதை வெறுக்காமலும் கற்பது நன்று என்கிறான் மன்னன். ஏன் நன்று? மூன்று காட்சிகளைக் காட்டுகிறான். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள்ளும் சிறப்புடைய பிள்ளையின்பால் தாயின் மனம் சாய்கிறது. ஒரு குடியிற் பிறந்த பலருள்ளும் மூத்தவனை விடுத்து அறிவுடையவன் வழியே அரசு செல்கிறது. நால்வகையாகப் பிரித்து வைத்த மக்களுள்ளும், கீழ் என்று ஒதுக்கப்பட்டவன் கற்றுவிட்டால் மேல் என்று தருக்கியவன் அவனிடம் வந்து பணிகிறான்.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதுதான் வழக்கம். நாம் அதற்கு உடன்படோம். பின்னிரு காட்சிகளில் நடப்பது என்ன? மூப்பு எனும் முறை உடைகிறது. பிறப்பு எனும் தடை உடைகிறது. ஏற்றத்தாழ்வு இருந்த இடத்தில் கல்வி புகுந்து அதை இடித்துத் தள்ளுகிறது. நல்லது, மிக நல்லது! முதற் காட்சியிலோ உடைவது வேறு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அனைவரும் நிகர் என்பதே வீட்டின் முறை. அந்த நிகர்மையைக் கல்வி உடைக்கிறது! நாட்டில் ஏற்றத்தாழ்வைத் தகர்க்கும் அதே கருவி, வீட்டில் ஏற்றத்தாழ்வைப் படைக்கிறது. இந்த முரணைக் காணாமல் மூன்றுக்கும் ஒருசேரக் கைதட்டுவது எப்படித் திறனாய்வாகும்?

மன்னன் இதை அறியாமல் பாடினான் என்று சொல்லமாட்டோம். 'தாயும்' என்கிறான். அந்த உம்மை சிறப்பும்மை. யார் மாறினாலும் இவள் மாறமாட்டாள் என்று எவளை நம்பியிருந்தோமோ, அவளும் மாறுகிறாள் என்பது பொருள். மாற்றத்தைக் குறிக்க அவன் ஆளும் சொல்லோ 'திரிதல்'. நிலத்தின் இயல்பால் நீர் தன் இயல்பு மாறுவதை வள்ளுவர் 452ஆம் குறளில் இச்சொல்லால்தான் சுட்டுகிறார். பால் கெட்டாலும் திரிந்துபோயிற்று என்றுதானே நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம்? தாய் அப்படிச் செய்வது தகும் என்று மன்னன் எங்கும் கூறவில்லை. நோயைக் கண்டு சொன்னவனிடம் சென்று, நோய்க்கு இசைவுச் சீட்டு வாங்கி வருகிறார்கள் உரைவிற்பன்னர்கள்!

வள்ளுவர் காட்டும் தாயும் மகிழ்கிறாள். தன் மகனைச் சான்றோன் எனக் கேட்கும்போது, பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை தலைகுனிந்து நிற்கவில்லை. நெடுஞ்செழியன் பாட்டில் நிற்கிறது.

மன்னன் பாட்டில் இன்னொன்றும் உண்டு. கல்விக்குப் பொருள் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அந்தப் பொருள் ஒரு பிள்ளைக்கு மட்டுமே போதும் என்ற நிலையில் உள்ள குடும்பம் என்ன செய்யும்? ஒருவனைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் மகனை. அவன் கற்பான், கற்றதனால் சிறப்பான், சிறந்ததனால் தாய்மனம் அவன்பால் சாயும். வீட்டில் விளக்குமாறும் கையுமாக நின்ற மகள், 'படிக்காதவள்' என்ற பழியையும் சுமப்பாள். சாய்வு முன்னே வந்தது, சிறப்பு பின்னே வந்தது. பாட்டோ சிறப்பு முன்னே, சாய்வு பின்னே என்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி புகும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தருகிறது. மகனா மகளா என்று தராசு பிடிக்கும் கைக்கு அது சிறிது ஓய்வு தருமாயின், உரையாசிரியர் பலர் செய்யாததை அது செய்தது என்போம்.

வகுப்பறையில் இப்பாட்டு பிரம்பாகவும் பயன்படுகிறது. "படி, படித்தால்தான் பெற்றவளும் மதிப்பாள்" என்கிறோம். கேட்கும் சிறுவன் என்ன கற்கிறான்? அன்பு என்பது கூலி என்று கற்கிறான். முதல் மதிப்பெண் வாங்கும் அவன் அண்ணனும் அதையே கற்கிறான். அடுத்த தேர்வில் சறுக்கினால் கூலி நின்றுவிடுமே என்று அஞ்சுகிறான். மதிப்பெண் பட்டியல் வாங்க வரும் தாய்மாரைப் பார்க்கிறோம். ஒன்றை விரித்துப் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். மற்றொன்றை நான்காக மடித்துப் பையில் போடுகிறார்கள். மடிக்கும் கையை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கிறது. திரிந்தது தாயின் மனம், குறைந்தது தன் தகுதி அன்று என்று அதற்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டில் எவரும் இல்லையெனில் ஆசிரியர் சொல்லலாம். பாட்டை ஒழுங்காக நடத்தினாலே பாதி சொன்னதாகும்.

ஆகவே இப்பாட்டை நடத்தும் நாளில், பாடநூலில் இல்லாத வினா ஒன்றையும் சேர்த்துக் கேட்கிறோம்: தாயின் மனம் எந்தப் பிள்ளையை விட்டுத் திரிந்ததோ, அந்தப் பிள்ளைக்கு மன்னன் என்ன கூறுகிறான்? மாணவர்கள் பாட்டை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஒன்றும் கூறவில்லை என்று எழுதுகிறார்கள். முழு மதிப்பெண் தருகிறோம்.