அடிக்காத முதல் அடி

தாளம் என்றால் அடிப்பது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே அடிக்காமல் விடுவது என்பதும் தாளம்தான். அண்ணாமலை நகரில் மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த இடைவெளிக்குக் ‘கார்வை’ என்று பெயர் சொல்வார்கள். இந்தப் பாடத்தை ஜமைக்கா என்கிற குட்டித் தீவு ஒரு மெஷினுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டது. நாம் மட்டும் நம்ம மெஷின்களை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை.

டிரம் மெஷின் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த டி.ஆர்-808-ல், கீழே வரிசையாக 16 பட்டன்கள். என்னைப் போல பி.காம். படித்தவனுக்கு அது 16 கட்டம் போட்ட பேரேடு. எந்தக் கட்டத்தில் எந்த வாத்தியம் என்று பதிவு போட்டால், அது பாட்டுக்கு அலுக்காமல் வாசித்துக்கொண்டே இருக்கும்.

நாலு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு கட்டம். நம்ம குத்துப் பாட்டாக இருந்தால் முதல் கட்டத்திலேயே ‘டம்’மென்று பெரிய டிரம் இறங்கும். ரெகேயில் ‘ஒன் ட்ராப்’ என்று ஒரு நடை இருக்கிறது. அதில் முதல் கட்டம் காலி! மூன்றாவது எண்ணிக்கை, அதாவது 9-வது கட்டத்தில்தான் பெரிய டிரம்மும் ஸ்நேரும் சேர்ந்து விழும். 5-லும் 13-லும் கிடார் ‘சக்’ என்று ஒரு வெட்டு. மேலே சிம்பல் மெலிசாக ஓடும். அவ்வளவுதான் புரோகிராம். கேட்டால் யாரோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பது மாதிரி இருக்கும்.

நமக்கு இது அந்நியமா என்ன? தாளம் தொடங்கின பிறகு பாட்டை எடுத்தால் அதற்கு ‘அனாகத எடுப்பு’ என்று பெயர். கை முதல் தட்டு தட்டிவிடும், வாய் திறக்காது. அந்தக் கணத்தில் சபை மொத்தமும் மூச்சைப் பிடிக்கும்.

கிங்ஸ்டன் நகரத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்த கிங் டப்பி, 1970-களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ரெக்கார்டான பாட்டில் பாடுகிறவர் குரலை எடுத்தார். கிடாரை எடுத்தார். டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டு, மிச்ச இடத்தில் எதிரொலியை ஓடவிட்டார். அதுதான் ‘டப்’. மெஷினில் நீங்களும் செய்து பார்க்கலாம். எக்கோவை மூன்று கட்டத்துக்கு வையுங்கள். 9-ல் விழுந்த அடி 12, 15 என்று திரும்ப ஒலித்து, அடுத்த சுற்றில் 2-ல் வந்து இடிக்கும். நாலுக்கு நடுவே மூன்று புகுந்து கணக்கைக் குழப்பும். மிருதங்கக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களுக்கு இது தினசரி சாதகம்!

1985-ல் இன்னொரு கூத்து. கேசியோ கம்பெனியின் எம்.டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ‘ராக்’ என்று ஒரு ரெடிமேட் தாளம். அதைப் பட்டனில் அடைத்தவர் ஒகுதா ஹிரோகோ என்ற இளம்பெண். கல்லூரியில் ரெகே பற்றியே ஆய்வு எழுதியவர். அந்தத் தாளத்தை வேகம் குறைத்து, கிங் ஜாமி தயாரிக்க, வெய்ன் ஸ்மித் பாடிய பாட்டு ஜமைக்காவையே புரட்டிப்போட்டது. ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் பலருக்கு அதனால் வேலை போனது. அதை மறைக்க வேண்டாம். ஆனால், போன வேலைக்கு ஈடாக ஒரு புது இசை பிறந்தது.

நம் கணக்கு என்ன?

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1982-லேயே பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், 808-ஐ வைத்துக்கொண்டு பத்து ராகங்கள் வாசித்து ரெக்கார்டு போட்டார். அப்போது அதைச் சீண்ட ஆளில்லை. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைத் தாளம் போட வைத்தார்.

பிறகு? மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் பேட் வந்தது, தபலாவும் டோலக்கும் ஓரமாய்ப் போயின. பல மேடைகளில் பேடில் தட்டுவது கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த சத்தம்தான். சின்னக் கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் வந்தது. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் ஜால்ராவும் ஒரே மூச்சில் கத்தும். கார்வை கிடையாது, காலப்பிரமாணம் கிடையாது. 16 கட்டத்திலும் அடி! சாமி கும்பிட வந்தவர் காதைப் பொத்திக்கொண்டு கும்பிடுகிறார். தவில்காரர் சம்பளம் மிச்சம் என்று வரவில் எழுதுகிறோமே, அவரோடு போன ஞானத்தை எந்தப் பற்றில் எழுதுவது?

என் புகார் மெஷின் மேல் இல்லை. அதற்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்யும். ஜமைக்காக்காரர்கள் சும்மா இருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் சுவிட்ச் போட மட்டும் கற்றுக்கொண்டோம்.

சிதம்பரத்தில் உடுக்கை பிடித்து ஆடுகிறவர் இருக்கிறார். ரயில் பாதையைத் தாண்டினால், 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் தாளக் கணக்கு தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வகுப்பில் ஒரு டிரம் மெஷினை வைத்தால் என்ன குறைந்துவிடும்? செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பயிற்சி இதுதான்: 16 கட்டத்தில் எந்த இரண்டை மட்டும் நிரப்புவீர்கள், ஏன்? மோட்டார் மேளத்தைச் செய்து விற்பவர்களுக்கும் அதே கேள்வித்தாளை அனுப்பலாம்.