கம்பத்தில் ஒரு போர்க்களம்: வேசல் மென்பொருள், கையில் எடுத்துப் பார்த்தபோது

செஸ் ஆடக் கம்பம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆடு புலி ஆட்டத்துக்கும் திண்ணையில் ஒரு பெரியவர் அகப்படுவார். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் படைக் காய்களை நகர்த்தும் போர்ப் பலகை ஆட்டம் என்று சொன்னால்தான், ‘அது என்னப்பா?’ என்று கேட்பார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் பலகை ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். அதற்காக மாதாமாதம் ராத்திரி பஸ் ஏறுவது யாருக்குக் கட்டுப்படியாகும்? வீட்டிலிருந்தபடியே எதிராளியோடு ஆட வழி செய்யும் இலவச மென்பொருள் வேசல். அது புதியவருக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பார்ப்போம்.

என்ன இது?

1990களில் ரோட்னி கின்னி என்பவர் ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ என்ற ஒரே ஆட்டத்தை இணையத்தில் ஆடுவதற்காக எழுதிய நிரல் இது. பிறகு எந்தப் பலகை ஆட்டத்துக்கும் பொருந்தும்படி விரிவாக்கப்பட்டது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போனில் ஓடாது. முதலில் வேசலை நிறுவி, பிறகு வேண்டிய ஆட்டத்தின் மாட்யூலை, அதாவது வரைபடமும் காய்களும் அடங்கிய கோப்பை, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

சின்னத் திரை லேப்டாப்பில் வரைபடம் முழுசாகத் தெரியாது, இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். டச்பேடில் காய் நகர்த்துவது எரிச்சல்; ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள். அடுக்கிய காய்கள் மேல் மவுஸை நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் பெரிதாக விரிவது நல்ல வசதி.

களத்தில்

அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் 1985இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின் சிறு குழுச் சண்டைதான் களம். ஒரு கட்டம் 40 மீட்டர். ஒரு சுற்று 2 நிமிடப் போர். ஜெர்மன் காலாட்படைக் குழுவின் காய் ஒன்றில் 4-6-7 என்று இருக்கும். சுடுதிறன் 4, வழக்கமான சுடுதூரம் 6 கட்டம், அதாவது 240 மீட்டர், மன உறுதி 7. உறுதிச் சோதனையில் இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7ஐத் தாண்டினால் அந்தக் குழு உடைந்துபோகும். காயைத் திருப்பி வைக்க வேண்டும்.

இந்தக் குழுவை ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் தெருவைக் கடந்து ஓடவிடுகிறீர்கள். உங்கள் முறை நடக்கும்போதே எதிராளி சுடலாம். வெட்டவெளிக்கு 1, பதுங்காமல் ஓடுவதற்கு 1 என்று அவர் பகடைத் தொகையில் 2 கழியும். சுடுகிறவருக்குத் தொகை குறையக் குறைய லாபம். அவருக்கு நீங்கள் கண்ணில் படுகிறீர்களா என்று பார்க்க, இந்த ஆட்டத்தின் வேசல் மாட்யூலில் ஒரு பார்வைக் கோட்டை இழுத்தால் போதும். நடுவில் சுவர் மறைக்கிறதா, தூரம் எத்தனை கட்டம் என்று காட்டிவிடும். பகடையையும் அதுவே உருட்டி, இருவர் திரையிலும் எண்ணைக் காட்டும்.

உதவி இவ்வளவுதான். அந்த 2ஐக் கழிக்க மறந்தால் மென்பொருள் வாய் திறக்காது. நகரக் கூடாத காயை நகர்த்தினாலும் சும்மா இருக்கும். ஆகவே விதி தெரிந்தாக வேண்டும். அதற்கு மல்டி-மேன் பப்ளிஷிங் வெளியிடும் ‘ஸ்டார்ட்டர் கிட்’ வரிசையின் முதல் பெட்டி சரியான தொடக்கம். அதில் டாங்கி கிடையாது, காலாட்படையும் இயந்திரத் துப்பாக்கி போன்ற ஆயுதங்களும்தான். அமெரிக்கப் பதிப்பகம் என்பதால், வாங்கும் முன் தபால் செலவையும் சுங்கத்தையும் கணக்குப் பாருங்கள்.

ஆள் கிடைக்குமா?

நேரடி ஆட்டத்துக்கு வேசல் சர்வரில் இருவரும் ஒரே அறைக்குள் நுழைய வேண்டும். காய் நகர்ந்த தகவல் மட்டுமே போய்வருவதால் போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும்.

இடிப்பது கடிகாரம்தான். லண்டனில் வேலை முடித்து இரவு 7 மணிக்கு ஒருவர் உட்காரும்போது நமக்கு நள்ளிரவு 12.30, அங்கே கோடை என்றால் 11.30. ஞாயிற்றுக்கிழமையைப் பேசி வையுங்கள். லண்டனில் மதியம் 2 மணி என்றால் நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. நியூயார்க்கில் காலை 9 மணியும் நமக்கு அதே நேரத்தில்தான் வரும். எதிராளி தேடி அழைக்கும்போதே ‘புதியவன், சொல்லிக்கொடுத்து ஆடுகிறவர் வேண்டும்’ என்று போட்டுவிடுங்கள்.

நேரமே ஒத்துவராவிட்டால் இமெயில் இருக்கிறது. உங்கள் நகர்த்தல்களை வேசல் ஒரு கோப்பாகப் பதிந்து தரும். எதிராளி அதைத் திறந்து ஒவ்வொரு அசைவாக ஓட்டிப் பார்த்து, தன் பதிலை அனுப்புவார். ஆனால் நடுவே சுடலாம் என்ற விதி இருப்பதால், அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடரில் ஒரு சுற்று முடியவே பல கடிதம் பிடிக்கும். மாறி மாறி முழு முறை ஆடும் ஆட்டங்களுக்கே இமெயில் பொருந்தும்.

விதியை மென்பொருளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு ‘ராலி த ட்ரூப்ஸ்’ தளம் உண்டு. அதுவும் இலவசம், பிரவுசரிலேயே ஓடும், தப்பான நகர்த்தலை அனுமதிக்காது. அங்கே இருப்பவை பெரும்பாலும் நாடு பிடிக்கும் அளவிலான ஆட்டங்கள். தெருச் சண்டைக்கு வேசல்தான்.

உள்ளூரில்

வேசலுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. இணையமே இல்லாமல் ஒரே லேப்டாப்பில் இருவர் மாறி மாறி ஆடலாம். பெட்டி வாங்கியவர் ஒருவர் இருந்தால் போதும், பக்கத்து வீட்டுச் செஸ் மாணவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். 3 புலிக்கு எதிராக 15 ஆட்டை நகர்த்திப் பழகியவருக்கு, இரு தரப்புக்கும் வேறு வேறு பலம் என்பதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் வாரம் ஒருமுறை உட்கார்ந்தால் அதுவே கிளப். மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்க வந்து தானாகச் சேர்வார்.

தீர்ப்பு

நிறை: இலவசம், குறைந்த டேட்டா, பார்வைக் கோடு, எந்த நாட்டு எதிராளியோடும் ஆடும் வாய்ப்பு. குறை: போனில் இல்லை, தமிழில் இல்லை, விதியைக் கவனிக்காது. வேசல் மேஜையைப் போட்டுத் தரும், ஆளை நாம்தான் கூப்பிட வேண்டும். லேப்டாப் கையில் இருந்தால் இன்றே இறக்கிப் பாருங்கள். பெட்டிக்குக் காசு போடுவதை, ஞாயிறு மாலைக்கு ஒரு ஆள் உறுதியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.