கருப்பையும் நம் இலக்கியமும்

பெண்ணைத் தாயென்று போற்றவும் தெய்வமென்று வணங்கவும் தமிழிலே சொற்களுக்கு என்றும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. பிள்ளை பெறாதவளைத் தூற்றுவதற்கும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. மலடி என்கிறோம், வறடி என்கிறோம்; பூப்படையாதவளுக்கு இருசி என்று தனிப்பெயரும் வைத்திருக்கிறோம். மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு. தெருவில் அது அதிகம் கேட்பதில்லை. ஆனால் அதே பெண் தன் உடம்பிற்கு வந்த நோயைச் சொல்ல வேண்டுமானால் நம் மொழி திடீரென்று ஊமையாகி விடுகிறது. மாதவிடாய் ‘துடக்கு’ ஆகிறது. ‘வீட்டுக்குத் தூரம்’ ஆகிறது. கருப்பை இறங்கி நடக்க முடியாமல் துன்புறுபவள் ‘பொம்பிளை வருத்தம்’ என்று முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். இக்குறை மொழியின் குறையன்று. எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்று வகுத்து வைத்திருக்கும் சமுதாயத்தின் குறை அது. அச்சமுதாயத்தை விமர்சிக்கப் புறப்பட்ட நமது முற்போக்கு இலக்கியமும் இவ்விடயத்தில் அதன் கட்டளைக்கு அடங்கியே நடந்திருக்கின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனைப் பூநகரியிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையிற் கிடக்கும் பூநகரி, பழைய கோட்டைக்கும், மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கும், பனங்கூடல்களுக்கும் பெயர் பெற்றது. கிணறுகளில் ஊறும் உவர்நீருக்கும் பெயர் பெற்றது. குடிநீருக்காகக் குடத்துடன் அலைவது இங்கே பெண்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று. குடிக்கவே நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் மாதவிடாய்த் துணியை அலசுவதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2011-ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்படும் வரை, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் இவ்வூர்க் கர்ப்பிணிக்கும் இடையிற் கடனீரேரி நின்றது. 2008 நவம்பரிற் போர் இந்நிலத்தைக் கடந்து சென்றது. மக்கள் கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டு, பின்னர் திரும்பி வந்து குடிசை போட்டனர். கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் இங்குண்டு.

இப்பிரிவின் கரையோரத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்னும் மூன்று கிராமங்கள் உள்ளன. 2013 ஆகஸ்டு இறுதியில் இக்கிராமங்களின் தாய்மார் தங்கள் குழந்தைகளின் நிறை பார்ப்பதற்கென அழைக்கப்பட்டனர் என்றும், சென்ற இடத்திற் போதிய விளக்கமின்றி, வற்புறுத்தலின் பேரில், கையின் தோலுக்கடியில் வைக்கப்படும் கருத்தடைக் குச்சிகள் அவர்களுக்கு வைக்கப்பட்டன என்றும் ‘சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்ற அமைப்பு அவ்வாண்டே அறிக்கை வெளியிட்டது. வற்புறுத்தல் நடந்ததென்பதைச் சுகாதாரத் துறையினர் ஏற்கவில்லை. நாம் தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் அமரவில்லை. ஆயினும், ஏழைத் தாயொருத்தி வெள்ளைச் சட்டையின் முன்னே நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டா, அதைச் சொல்லும் துணிவை யாராவது அவளுக்குத் தந்திருக்கிறார்களா என்ற கேள்வியை ஒருவரும் தவிர்க்க முடியாது.

கருத்தடைக் குச்சி தன்னளவில் ஒரு பாவமுமன்று, சதியுமன்று. விரும்பி ஏற்பவளுக்கு அது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பயன் தரும். அடுத்தடுத்த பிரசவங்களில் உருக்குலையும் உடம்புக்கு ஓய்வு தரும். ஆனால் ஒழுங்கற்ற இரத்தப்போக்கு அதனால் வரக்கூடும் என்பதையும், வேண்டாமென்று தோன்றும் நாளில் அதை எடுத்துவிடலாம் என்பதையும், அதற்குப் பயின்ற கையொன்று தேவை என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்தால் அதே குச்சி விலங்காகி விடுகின்றது. மருந்து ஒன்றே, சம்மதம் இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு.

இச்செய்தி வெளிவந்தபோது எழுந்த கண்டனத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நம்மவர்களின் குரலில் உரத்து ஒலித்தது இனத்தின் எண்ணிக்கை பற்றிய கவலையே. எண்ணற்றோரை இழந்த ஒரு மக்கட்கூட்டத்துக்கு அக்கவலை எழுவது இயல்பே; அதை நாம் இகழவில்லை. ஆயின், அக்கண்டனத்தை ஆழ்ந்து நோக்கினால் விபரீதமான ஓர் ஒற்றுமை தெரியும். பிள்ளைகள் குறைய வேண்டுமென்று கணக்கிடுபவனும் பெருக வேண்டுமென்று கணக்கிடுபவனும் ஒரே பலகையிலேதான் கணக்கெழுதுகிறார்கள். அப்பலகை பெண்ணின் கருப்பை. ஒருவனுக்கு அது அடைக்க வேண்டிய வாய்க்கால். மற்றவனுக்கு இனம் விளையும் வயல். “உனக்கு எத்தனை பிள்ளை வேண்டும்? உன் உடம்பு எப்படி இருக்கிறது?” என்று வலைப்பாட்டுத் தாயிடம் கேட்பதற்கு இருவருக்கும் நேரமில்லை.

இம்மனப்பான்மை ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. 2014 நவம்பரிற் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரே முகாமிற் சில மணி நேரத்துக்குள் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மகாராஷ்டிரத்துப் பீட் மாவட்டத்திற் கரும்பு வெட்டும் பெண்களுள் ஆயிரக்கணக்கானோர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டது 2019-இல் நாடறிந்த செய்தியாயிற்று. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி கூலியிற் பிடிப்பான். கருப்பையே இல்லாவிட்டால் அத்தொல்லை இல்லை! ஓரிடத்தில் அரசின் இலக்கு, ஓரிடத்தில் முதலாளியின் இலாபம், இன்னோரிடத்தில் இனத்தின் மானம். எசமானர்கள் மாறுகிறார்கள், உடைமை மாறவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

பிள்ளையின்மையை நடுப்பொருளாகக் கொண்ட அண்மைக்காலத் தமிழ் நாவல்களுள் நாடெங்கும் பேசப்பட்டது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). ஆங்கில ஆட்சிக் காலத்துத் திருச்செங்கோட்டுப் பகுதியிற் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையின்றி வாழும் காளி–பொன்னா தம்பதியரின் கதை அது. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அவர்களுக்குள் ஒரு குறையுமில்லை. குறை வெளியிலிருந்து வருகிறது: சுபகாரியத்தில் அவளை ஒதுக்கும் பார்வையில், இரண்டாங் கலியாணம் செய்யச் சொல்லும் வாயில், வாரிசற்ற நிலம் யாருக்குப் போகும் என்ற பேச்சில். ‘மலடி’ என்பவள் இயற்கையிற் பிறப்பவளல்லள். நிலவுடைமைச் சமுதாயம் அவளை ஆக்குகின்றது என்ற உண்மையை இந்நாவல் பிரசங்கமின்றி உணர்த்துவதே அதன் பெருஞ்சிறப்பு. தேர்த்திருவிழாவின் இரவொன்றில் அந்நியன் ஒருவனைத் தெய்வமாகக் கருதி அவள் கூடலாம் என்ற வழக்கத்தை உறவினர் துணைக்கழைக்கும்போது, அச்சமுதாயம் தன் ஒழுக்க விதியைத் தானே வளைத்துக்கொள்வதைக் காண்கிறோம். வாரிசு வேண்டுமென்றால் கற்பும் சற்று விலகி நிற்கலாம் போலும்!

ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் ‘யெர்மா’ (1934) நினைவுக்கு வருகின்றது. அங்கும் பிள்ளை வேண்டி ஏங்கும் நாட்டுப்புறப் பெண். அங்கும் பிள்ளையற்றவர்கள் செல்லும் புண்ணியத்தலம். அங்கும் வேற்றாணின் வழியைக் காட்டும் கிழவி. யெர்மா அவ்வழியை மறுக்கிறாள். முடிவிற் கணவனையே கொன்று விடுகிறாள். கொங்குநாடும் அந்தலூசியாவும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே திருவிழாவைக் கண்டுபிடித்தமைக்குக் காரணம், இரண்டிலும் நிலமும் மானமும் பெண்ணின் வயிற்றில் அடகு வைக்கப்பட்டிருந்தமையே.

ஆயினும் இவ்விரு படைப்புக்களிலும் ஓர் எல்லையைக் காண்கிறோம். கருப்பை இங்கே ஏக்கமாகவும் சாபமாகவும் நிற்கிறது, உடலுறுப்பாக நிற்பதில்லை. கதை நிகழும் காலத்தையும் இடத்தையும் எண்ணும்போது இது படைப்பாளியின் பிழையாகாது. ஆனால் இன்று வாசிக்கும் நாம் அறிந்தே வாசிக்க வேண்டும்: பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணம் தனித்தோ சேர்ந்தோ இருக்கின்றது. உலகிற் பருவமடைந்தோருள் ஆறுபேருக்கு ஒருவர் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஆணின் விந்தைச் சோதிப்பது எளிது, வலியற்றது. எனினும் நம் வீடுகளில் அச்சோதனை கடைசியிலேதான் வருகிறது. அதற்குள் மனைவி அரசமரம் சுற்றி, தொட்டில் கட்டி, விரதமிருந்து மெலிந்து, சில வேளை வீட்டை விட்டே அனுப்பப்பட்டும் விடுகிறாள். வேண்டுதல் செய்பவளை நாம் பரிகசிக்கப் போவதில்லை. கருத்தரிப்புச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில், பெரும் பணத்துக்கு விற்கப்படும் நாட்டில், ஏழைக்கு எட்டுவது கோயிற்படி ஒன்றே.

2014 இறுதியில் இந்நாவலுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. 2015 சனவரியில் ஆசிரியர் தம் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தோர் சாதியின் மானத்தைப் பேசினர். ஆதரித்தோர் எழுத்துரிமையைப் பேசினோம். ‘பேசினோம்’ என்று நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். எழுத்துரிமைக்காக நின்றது சரியே; ஆனால் அச்சந்தடியிற் பொன்னாவை யார் பேசினார்கள்? கிராஞ்சியிலும் திருச்செங்கோட்டிலும் நடந்தது ஒன்றுதான்: பெண்ணைச் சுற்றி ஆயிரம் பேர் வாதிட்டனர்; அவளைக் கடந்தே சென்றனர்.

கடந்து செல்லாத எழுத்து நம்மிடம் இல்லாமற் போகவில்லை. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்ற சிறுகதை, பூப்பெய்திய சிறுமியொருத்தி தன் தாயின் ஆறுதலுக்காகக் காத்திருந்து, அத்தாயின் ஒரு கடுஞ்சொல்லால் வதைபடுவதைச் சொல்கிறது. ஓர் உடற்கூற்று நிகழ்ச்சி எவ்வாறு ஒரு குடும்பத்தின் கலியாணச் செலவுக் கணக்காக மாறுகிறது என்பதை அதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஈழத்தில் 1986-இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத்தொகுதி பெண்கள் தம் வாயாலேயே பேசத் தொடங்கியதற்குச் சான்று. எனினும் போர்க்கால இலக்கியத்தை மொத்தமாக எடுத்து நோக்கினால், பெண் அங்கே வீரனின் தாய், விதவை, போராளி, பலியானவள் என்ற நான்கு வேடங்களிலேயே பெரிதும் வருகிறாள். முகாமின் மறைப்பற்ற கழிப்பிட வரிசையில் நின்றவளும், பதுங்குகுழியில் மாதவிடாய் கண்டவளும், நடந்த தூரத்திற் கருச்சிதைந்தவளும் நம் கதைகளில் அரிதாகவே இடம் பெறுகின்றனர். குருதியைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் இக்குருதியை மட்டும் எழுதக் கூசினோம்.

இன்னொருத்தியையும் நாம் மறந்தோம். அவள் மருத்துவமாது. 1926-இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு அமைந்த காலந்தொட்டு, இந்நாட்டின் தாய்மாரைக் காத்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவள் அவளே. 1930-களிற் பிரசவத்தினால் இறந்த தாய்மார் ஓரிலட்சம் பிறப்புக்கு 2,000-க்கும் மேல். இன்று அத்தொகை சில பத்துக்களே. இலவச வைத்தியமும், பெண் கல்வியும், மலேரியா ஒழிப்பும், வீட்டுப்படி ஏறி வந்த மருத்துவமாதுவும் சேர்ந்து செய்த சாதனை அது. உலகின் செல்வ நாடுகள் வியந்து பார்த்த இச்சாதனையைப் பற்றி நம்மிடம் நல்ல நாவலொன்று எழவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் எத்தனையோ கதைகளிற் கதாநாயகனாகிவிட்டார்; ஒழுங்கையில் மிதிவண்டி மிதித்து வரும் மருத்துவமாதுவோ பக்கப் பாத்திரத்துக்கும் அரிது. அவளை எழுதியிருந்தால் அவளது இரட்டை நிலையையும் நாம் விளங்கியிருப்போம். அவள் பெண்ணின் தோழி; அதேவேளை மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்ப வேண்டிய அரச ஊழியர். தோழமையை எண்ணிக்கை விழுங்கும் நாளில் அம்மூன்று கிராமங்களில் எழுந்ததைப் போன்ற அச்சம் பிறக்கிறது. அவ்வச்சம் கருத்தடையோடு நிற்பதுமில்லை. அடுத்த முறை குழந்தைக்குத் தடுப்பூசி என்று கூப்பிட்டாலும் தாய் தயங்குவாள். இழந்த நம்பிக்கையின் விலையைக் குழந்தையும் கொடுக்க நேரிடும்.

ஆகவே அரச வைத்தியத்தை நிராகரிப்பது நம் முடிவாகாது. அதை மக்களுடையதாக்குவதே முடிவு. 1996 முதல் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்கில், முப்பத்தைந்து வயதடைந்த பெண் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். அந்நோய் முளைக்குமுன்னே கண்டறியக்கூடியது, கண்டறிந்தால் தீர்க்கக்கூடியது. அதற்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே போடப்படுகின்றது. இவ்வசதிகள் இருக்கவும், வெட்கத்தினாலும், பஸ் வராத றோட்டினாலும், ஒருநாட் கூலியை இழக்க முடியாமையாலும் போகாதிருப்பவர்கள் எத்தனை பேர்? வெட்கத்தைப் போக்குவது எழுத்தின் வேலை. றோட்டையும் கூலியையும் கேட்டுப் பெறுவது இயக்கத்தின் வேலை. முற்போக்காளர் இவ்விரண்டையும் தம் வேலையெனக் கொள்ள வேண்டும்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இனப்பெருக்கத் தொகுதி பற்றிய பாடம் வந்ததும் “இதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. வீட்டில் அவளுக்குக் கிடைப்பது ‘துடக்கு’ என்ற ஒரு சொல் மட்டுமே. அப்பக்கத்தைத் திருப்பாமல் நின்று, ஆண்பிள்ளைகளும் கேட்கும்படி கற்பிக்கும் ஆசிரியர், ஒரு கதாசிரியன் ஐம்பது கதையிற் செய்வதை ஒரு பாடவேளையிற் செய்து முடிக்கிறார்.

விமர்சகர்களாகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. வர்க்கம், சாதி, இனம் என்ற மூன்று அளவுகோல்களைக் கொண்டு இதுவரை நூல்களை நிறுத்துப் பார்த்தோம். அவற்றுள் எதையும் கீழே போட வேண்டியதில்லை. ஆனால், இப்படைப்பிற் பெண்ணின் உடம்பு யாருடையது, அவளுடைய வலிக்கு இதில் ஒரு சொல் உண்டா என்ற கேள்வியையும் இனிமேற் கேட்டாக வேண்டும். வலைப்பாட்டுத் தாய் தன் கையை நீட்டுமுன் “இது என்ன? ஏன்? எனக்கு வேண்டாமென்றால்?” என்று மூன்று கேள்விகள் கேட்கும் நாள் வர வேண்டும். அக்கேள்விகளுக்கான மொழியை அவளுக்கு முன்னரே ஆக்கி வைக்காத இலக்கியம், தன்னை மக்கள் இலக்கியம் என்று அழைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.