சைக்கிளில் வந்த சிஸ்டர்கள்

கன்னியாஸ்திரி என்றதும் நமக்குக் கத்தோலிக்க சபைதான் ஞாபகம் வரும். ஆங்கிலிகன் சபையிலும் உண்டு. எட்டாம் ஹென்றி 1536-ல் ஆரம்பித்து நாலே வருஷத்தில் மடங்களை இழுத்து மூடியபின், முந்நூறு வருஷம் இங்கிலாந்து திருச்சபையில் சிஸ்டர்களே கிடையாது. 1840-களில்தான் திரும்பினார்கள். அந்த அலையில் 1848-ல் நர்ஸ் பயிற்சிக்காகத் தொடங்கியதுதான் செயின்ட் ஜான் தி டிவைன் சபை.

1950-களில் அவர்களிடம் மருத்துவச்சியாக இருந்த ஜெனிஃபர் வொர்த், அந்த அனுபவத்தை 'கால் தி மிட்வைஃப்' (2002) என்று எழுதினார். சபையின் பெயரை மாற்றி 'நொனாட்டஸ் ஹவுஸ்' என்றார். 2012-ல் தொடங்கிய பி.பி.சி. சீரியலை மட்டும் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படியுங்கள். சீரியலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

வொர்த் ஏதோ சின்ன ஆஸ்பத்திரி என்று நினைத்துத்தான் வேலைக்குப் போகிறார். பார்த்தால் கான்வென்ட்! லண்டன் துறைமுகத்தை ஒட்டிய பாப்லரில் மாதம் 80, 100 பிரசவம், பெரும்பாலும் வீட்டிலேயே. நடுராத்திரியானாலும் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். கருத்தடை மாத்திரை வந்தபின், 1963-ல் அது மாதம் நாலைந்தாகிவிட்டது என்கிறார். சபையும் 1976-ல் பர்மிங்ஹாமுக்குப் போய்விட்டது.

கொன்ச்சிட்டா என்ற ஸ்பானியப் பெண்ணின் கதைதான் உச்சம். இருபத்தைந்தாவது குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தரமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு, துளித்துளியாய்ப் பால் புகட்டியே பிழைக்கவைக்கிறாள். கொலம்பிய டாக்டர்கள் இதே வைத்தியத்தை 'கங்காரு' முறையாக்கியது 1970-களின் கடைசியில்!

குறை இல்லையா? உண்டு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய உரையாடலெல்லாம் நேற்றுக் கேட்டதுபோல் வருவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். சிஸ்டர்களின் ஜெபவேளைகள் வருகின்றன. ஜெபத்துக்குள் என்ன நடக்கிறது என்பது வரவில்லை. வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆனால், ஓர் இடத்தில் உள்ளே எட்டிப் பார்க்கிறார். இந்த ஜனங்கள்மேல் இருக்கும் அன்பால்தான் இத்தனை உழைப்பா என்று சிஸ்டர் மோனிக்கா ஜோனைக் கேட்க, அந்த அம்மாள் இல்லை என்கிறார்! முன்பின் தெரியாத முரட்டு ஜனங்களை எப்படி நேசிப்பது? முதலில் கடவுள், ஜனங்கள்மேல் பிரியம் அவர் வழியாக வந்தால் உண்டு என்பதுபோல் பதில். சேவை என்றாலே பொங்கி வழியும் பாசம் என்று நினைத்திருந்த எனக்கு இது தூக்கிவாரிப்போட்டது.

பிரசவ விவரங்களில் ஒளிவுமறைவே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.